கெடுத்துப் பார்த்தவர்

நான் ஸ்டோர் கிளார்க்காக இருந்த பெயிண்ட் கம்பெனியில், ஆபீஸுக்குள் நுழைந்ததும் வலது பக்கம் ஒரு கண்ணாடி அலமாரி இருக்கும். மற்ற கம்பெனிகளில் அந்த இடத்தில் பளிச்சென்று நிறம் காட்டும் மாதிரித் தகடுகளை அடுக்கியிருப்பார்கள். எங்கள் அலமாரியில் இருந்தவை அத்தனையும் கெட்டுப்போனவை. சுருண்டு உரிந்த பட்டைகள், கட்டி தட்டிய பவுடர், பூசணம் பிடித்த ஓட்டுத் துண்டு, மூடி உப்பிய ஒரு டப்பா. ஒவ்வொன்றின் அடியிலும் எதனால் கெட்டது என்று இரண்டு வரி எழுதிய சீட்டு ஒட்டியிருக்கும்.

வாங்க வந்த வியாபாரிகள் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு முதலாளி முகத்தைப் பார்ப்பார்கள். அவர் கூச்சப்பட்டுக்கொண்டு பலமுறை அலமாரியை உள்ளே தள்ளச் சொன்னார். டீச்சர் கேட்கவில்லை. நல்லா வந்தது எல்லாம் ஊரில் சுவர் சுவராக இருக்கிறது, அதை எதற்கு அலமாரியில் வைக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

டீச்சர் என்றால் பள்ளிக்கூடத்து டீச்சர் இல்லை. எங்கள் கம்பெனியின் கெமிஸ்ட். மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியின் சோதனைக்கூடத்தில் சில வருஷம் இருந்துவிட்டு வந்தவர் என்பதால் முதலாளி முதல் நாளே அப்படிக் கூப்பிட்டார். அதுவே நின்றுவிட்டது. சிவகங்கைப் பக்கத்துக் கிராமம், வேதக்காரக் கிறிஸ்தவக் குடும்பம், அம்மாவும் அவருமாகக் காரைக்குடியில் வாடகை வீட்டில் இருந்தார்கள். என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவர். அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதினால் "அது எதுக்கு இப்ப?" என்றுதான் கேட்பார்.

அறுபதுகளின் கடைசி அது. குன்றக்குடி போகிற ரோட்டில் ஒரு பழைய நெல் மில் கொட்டகையை எடுத்து, முதலாளி கம்பெனி ஆரம்பித்திருந்தார். எண்ணெய் பெயிண்ட் எல்லாம் பெரிய கம்பெனிகளின் சமாச்சாரம். நாங்கள் செய்தது இரண்டே சாமான். வீட்டின் வெளிச்சுவருக்கு சிமெண்ட் பெயிண்ட் பவுடர், உள்சுவருக்கு டிஸ்டம்பர். இரண்டையுமே தண்ணீரில் கரைத்து அடிக்க வேண்டும். வெள்ளைச் சிமெண்ட், நீற்றின சுண்ணாம்பு, சாக்கட்டித் தூள், பாலிலிருந்து எடுக்கிற கேசின் பசை, நிறத்துக்கு வண்ணப் பொடிகள். இவற்றை வாங்கி வருவதும், ஸ்டோரில் இறக்கி வைப்பதும், அரைக்கிற மில்லுக்கு அளந்து கொடுப்பதும் என் வேலை. எதை எவ்வளவு எதனோடு சேர்ப்பது என்பது டீச்சர் வேலை.

மெலிந்த உடம்பு. வெளுத்த கைத்தறிச் சேலை. அவர் நகக்கண்ணைப் பார்த்தால் அன்றைக்கு மில்லில் என்ன நிறம் ஓடுகிறது என்று சொல்லிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசைக்குப் போகும்போதும் அந்தக் காவியோ நீலமோ கூடவே போகும்.

அவரிடம் ஒரு குணம் இருந்தது. அதைக் குணம் என்பதா பிடிவாதம் என்பதா என்று அப்போது எங்களுக்குத் தெரியவில்லை. எது கெட்டுப்போனாலும், அதே மாதிரி தன் கையால் இன்னொரு தடவை கெடுத்துப் பார்க்காமல் காரணம் சொல்ல மாட்டார். ஒரு டின் கட்டி தட்டிவிட்டது என்று புகார் வந்தால் நாங்கள் எல்லோரும் ஆளுக்கொரு காரணம் சொல்வோம். மழைக்காற்று, மூடி சரியில்லை, கடைக்காரன் ஈரத் தரையில் வைத்திருப்பான். எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வார். "இருக்கலாம்" என்பார். பிறகு நல்ல டின் ஆறு எடுத்து, ஒன்றை ஈரத் தரையில் வைப்பார், ஒன்றின் மூடியைத் தளர்த்துவார், ஒன்றில் சுண்ணாம்பைச் சரியாக ஆறவிடாமல் சேர்ப்பார். எந்த டின் புகார் வந்த டின்னைப் போலவே கட்டி தட்டுகிறதோ அதுதான் காரணம். அதுவரைக்கும் யார் கேட்டாலும் "எனக்குத் தெரியல" என்பதுதான் பதில். படித்த ஒருவர் இவ்வளவு தடவை தெரியவில்லை என்று சொல்லி நான் கேட்டதில்லை.

வீட்டிலும் இதே கதைதான் என்று அவர் அம்மா சொல்வார். ஒரு நாள் பால் திரிந்துவிட்டதாம். அம்மா பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மறந்துவிட்டார். மகள் மறுநாள் நல்ல பாலை நாலு டம்ளரில் ஊற்றி நாலு விதமாகத் திரிய வைத்துவிட்டுத்தான் வேலைக்கு வந்தாராம். "இவளுக்குக் காரணம் தெரியிறதுக்குள்ள நான் மூணு நாள் காப்பி இல்லாம கிடந்தேன்" என்று அந்த அம்மா என்னிடம் முறையிட்டார்.

டிஸ்டம்பர் நாறிய கதையைச் சொல்ல வேண்டும். நான் சேர்ந்த இரண்டாம் வருஷம், திருப்பத்தூரில் ஒரு கடையிலிருந்து டப்பாக்கள் திரும்பி வந்தன. மூடி உப்பியிருந்தது. திறந்தால் செத்த எலி நாற்றம். கேசின் பால் சரக்கு என்பதால் கெடும்தான். கெடாமலிருக்க மருந்து சேர்ப்போம். மருந்தும் சேர்த்துத்தான் இருந்தது. டீச்சர் தன் மேஜையில் பத்துப் பன்னிரண்டு ஜாடிகளை வைத்துப் பசையை நாற வைக்க ஆரம்பித்தார். கிணற்றுத் தண்ணீர் விட்டது ஒன்று, கொதித்து ஆறிய தண்ணீர் விட்டது ஒன்று, கழுவாத டிரம்மில் எடுத்தது ஒன்று. ஒரு வாரத்தில் ஆபீஸில் உட்கார முடியவில்லை. முதலாளி மதியச் சாப்பாட்டை லாரி ஷெட்டுக்கு மாற்றிக்கொண்டார். டீச்சர் மட்டும் ஜாடி ஜாடியாக முகர்ந்து எழுதிக்கொண்டிருந்தார்.

கடைசியில் கண்டுபிடித்தது துடுப்பு. பசையைக் கிண்டுகிற தேக்குத் துடுப்பு. மரத்தின் இண்டு இடுக்கில் பழைய பசை ஊறி, ஒவ்வொரு தடவை கிண்டும்போதும் நாற்றத்தைப் புதுச் சரக்குக்குக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. அது சாதாரணத் துடுப்பு இல்லை. கம்பெனி திறந்த அன்றைக்கு முதலாளியின் ஆச்சி, அதாவது அவர் அம்மா, தன் கையால் குங்குமம் வைத்து எடுத்துக் கொடுத்தது. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அதற்குத்தான் முதல் மாலை. இரும்புத் துடுப்பு போட வேண்டும் என்று டீச்சர் சொன்னதும் முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. டீச்சர் துடுப்பின் ஓரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு சிராய் சீவி எடுத்து, கொதிக்க வைத்த சுத்தமான பசை ஜாடியில் போட்டார். பக்கத்தில் சிராய் போடாத ஜாடி. நாலாம் நாள் காலையில் முதலாளியைக் கூப்பிட்டு இரண்டையும் திறந்து நீட்டினார். அவர் ஒன்றை முகர்ந்தார். மற்றதை முகர்ந்தார். போய்த் துடுப்பைக் கழுவித் துடைத்துக் காரில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். மறுநாள் இரும்புத் துடுப்பு வந்தது. அந்தச் சிராயும் கண்ணாடி அலமாரிக்குள் போனது.

இதையெல்லாம் நான் இப்போது சிரித்துக்கொண்டு சொல்கிறேன். ஆனால் அவருடைய அந்தக் குணத்தைக் கண்டு நான் பயந்த நாட்கள் உண்டு. அதைச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொன்னதாக ஆகாது.

அந்த வருஷம் பச்சைப் பொடிக்குப் பெரிய தட்டுப்பாடு. நாங்கள் சிமெண்ட் பெயிண்டுக்கு வாங்கிக்கொண்டிருந்தது குரோமியம் ஆக்சைடு என்ற பச்சை. வெளிநாட்டிலிருந்து வர வேண்டும்; லைசென்ஸ், கோட்டா என்று ஆயிரம் இழுபறி. அப்போது பார்த்து, திருப்பத்தூர் வழியில் ஓர் உயர்நிலைப் பள்ளிக்கூடத்துக்கு வெளிச்சுவர் முழுக்க வெளிர்பச்சை அடிக்க எங்களிடம் பவுடர் கேட்டிருந்தார்கள். திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. மில்லில் மூன்று நடை, அதாவது மூன்று தடவை போட்டு அரைத்து எடுக்க வேண்டிய சரக்கு. ஸ்டோரில் ஒரு நடைக்குத்தான் பச்சை இருந்தது.

நான் மதுரைக்குப் பஸ் ஏறினேன். கீழமாசி வீதியில் கடை கடையாக ஏறி இறங்கினேன். ஒரு கடையில் குரோம் கிரீன் இருக்கிறது என்றார்கள். குரோமியம், குரோம். பேரில் என்ன பெரிய வித்தியாசம் என்று நினைத்தேன். பொடியைக் கையில் தேய்த்துப் பார்த்தேன். பழையதைவிடக் கொஞ்சம் பளிச்சென்று, இன்னும் அழகாகவே இருந்தது. வாங்கி வந்து, காலியான பழைய டிரம்மிலேயே கொட்டினேன். டிரம்மின் மேல் பழைய சீட்டு அப்படியே இருந்தது. புதுச் சாமான் எது வந்தாலும் டீச்சரிடம் ஒரு கைப்பிடி கொடுக்க வேண்டும் என்பது முறை. கொடுத்தால் ஒரு வாரம் வைத்துக்கொள்வார். திறப்பு விழா நிற்காது. கொடுக்கவில்லை.

பள்ளிக்கூடத்துக்கு அடித்தவர் காதர் பாய். காரைக்குடி சுற்றுவட்டாரத்தில் பெரிய வீடுகளுக்கெல்லாம் அவர்தான் பெயிண்டர். எட்டுப் பத்து ஆட்களை வைத்து வேலை செய்பவர். சுவரை நனைத்து, இரண்டு கோட் அடித்து, அதன் பிறகு ஐந்து நாள் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்து முறையாக வேலையை முடித்தார். திறப்பு விழா நடந்தது. பக்கச் சுவர்கள் முகப்பைவிட இன்னும் எடுப்பாக இருக்கின்றன என்று தலைமையாசிரியரே சொன்னாராம்.

பத்து நாளில் பக்கச் சுவர்கள் மங்கின. ஒரு மாதத்தில் பச்சை என்பதே இல்லை. புளித்த மோரில் மஞ்சள்தூள் விழுந்தது போன்ற ஒரு அழுக்கு நிறம். முகப்பு மட்டும் அடித்த அன்று இருந்தபடியே பச்சையாக நின்றது.

இதுதான் காதர் பாயைக் கவிழ்த்தது. பார்த்தவர்களுக்கெல்லாம் விஷயம் உடனே விளங்கிவிட்டது. நாலு பேர் கண்ணில் படுகிற முகப்புக்கு நல்ல சரக்கை அடித்துவிட்டு, பக்கத்துக்கும் பின்னாலும் பழைய சுண்ணாம்பைக் கலந்து அடித்துவிட்டான். பள்ளிக் கமிட்டி கூட்டத்தில் அவரை நிற்க வைத்தே கேட்டார்கள். அவர் குர்ஆன் மேல் ஆணை என்றார். ஒருவரும் நம்பவில்லை. கோட்டையூரில் ஒரு பெரிய வீட்டு வேலை அவர் கையிலிருந்து போனது. ஆட்களில் பாதிப் பேர் வேறு மேஸ்திரியிடம் போய்விட்டார்கள்.

எங்கள் முதலாளிக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லை. பழி பெயிண்டர் மேல் விழுந்துவிட்டது, பவுடர் தப்பித்துவிட்டது. டீச்சர்தான் விடவில்லை. பஸ் ஏறிப் பள்ளிக்கூடத்துக்குப் போனார். சுவரில் உள்ளங்கையை வைத்துத் தேய்த்துப் பார்த்தார். கத்தியால் சுரண்டி ஒரு துண்டைப் பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டார். திரும்பி வந்ததும் நான் கேட்டேன். "எனக்குத் தெரியல" என்றார். அந்தப் பதில் எனக்கு அன்றைக்கு ஆறுதலாக இருந்தது.

பிறகு கெடுக்க ஆரம்பித்தார். ஆபீஸின் மொட்டைமாடியில் கையகலச் சிமெண்ட் பலகைகளை வரிசையாக அடுக்கினார். பள்ளிக்கூடச் சரக்கின் முதல் நடையிலிருந்து ஒரு பாட்டில் எடுத்து வைத்திருந்தார். எந்த ஆர்டருக்கும் முதல் நடையில் ஒரு பாட்டில் எடுத்து வைப்பது அவர் வழக்கம். அந்தப் பவுடரைக் கரைத்து அடித்தார். ஒரு பலகை காயாத புதுப் பூச்சு. ஒன்றில் உப்புத் தண்ணீர். ஒன்றில் காதர் பாய் செய்ததாகச் சொல்லப்பட்டபடியே பழைய சுண்ணாம்பு. ஒன்று வெயிலில், ஒன்று நிழலில். பலகைகளுக்குத் தினமும் இரண்டு வேளை தண்ணீர் ஊற்ற வேண்டும். அவருக்கு மில்லில் வேலை. என்னைத்தான் கேட்டார்.

நான் ஊற்றினேன். தினமும் காலையில் குவளையோடு படியேறுவேன். தண்ணீர் ஊற்றிவிட்டு ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். எல்லாம் பச்சை. ஒரு வாரம் போனது, பச்சை. இரண்டு வாரம் போனது, பச்சை. முதல் சில நாட்கள் எனக்கு நிஜமாகவே ஒன்றும் தெரியாது. அந்தப் பொடியால்தான் இருக்குமோ என்ற எண்ணம் வந்தாலும், பச்சை பச்சைதானே என்று தள்ளிவிடுவேன். ஆனால் பலகைகள் பச்சையாகவே நிற்க நிற்க எனக்கு விளங்கிவிட்டது. முதல் நடையில் இருந்தது பழைய பொடி. முகப்புக்கு அடித்ததும் அதுதான். அவர் எத்தனை பலகை வைத்தாலும், எத்தனை விதமாகக் கெடுத்தாலும், அந்தப் பாட்டிலை வைத்துக்கொண்டு கெடுக்கவே முடியாது. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

சொல்லிவிடலாம் என்று நினைத்த நாட்கள் உண்டு. வேலை போய்விடும். வீட்டில் இரண்டு குழந்தைகள். காதர் பாய்க்கு வேறு வேலை கிடைக்காமலா போகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

ஒரு நாள் காதர் பாயே வந்தார். கேட்டுக்கு உள்ளே வரவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் நின்றார். வெள்ளைச் சட்டையில் ஒரு சொட்டு வண்ணமும் இல்லை. வேலை இல்லாத பெயிண்டரின் சட்டை அவ்வளவு வெள்ளையாக இருக்கும் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். டீச்சர் அவரை மாடிக்கு அழைத்துப்போய் எல்லாப் பலகைகளையும் காட்டினார். நானும் குவளையோடு பின்னால் நின்றேன்.

"இதுல பழைய சுண்ணாம்பு கலந்து அடிச்சிருக்கேன் பாய். பாருங்க, பச்சை போகல. அப்ப நீங்க கலந்திருந்தாலும் அந்த நெறம் வந்திருக்காது. இவ்வளவுதான் இன்னிக்கு என்னால சொல்ல முடியும். வேற எதனாலன்னு இன்னும் தெரியல" என்றார்.

காதர் பாய் பலகையைக் கையில் எடுத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கலந்தியான்னு எல்லாரும் கேட்டாக டீச்சரம்மா. கலந்து பார்த்தது நீங்க ஒருத்தருதான்" என்றார்.  பலகையை இருந்த இடத்திலேயே பதனமாக வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

அன்று மதியம் நான் சாப்பாட்டுக்குப் போகவில்லை. ஸ்டோருக்குப் போய் டிரம்மின் அடியில் ஒட்டியிருந்த பச்சையைச் சுரண்டி ஒரு காகிதத்தில் மடித்தேன். டீச்சர் மேஜையில் கொண்டுபோய் வைத்தேன். இது வேறு பொடி, மதுரையில் வாங்கினேன், இரண்டாம் நடைக்கும் மூன்றாம் நடைக்கும் இதுதான் போனது, உங்களிடம் காட்டாமல் டிரம்மில் கொட்டினேன் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

அவர் என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. பொட்டலத்தைத்தான் பார்த்தார். விரல் நுனியில் தொட்டு நகத்தில் தேய்த்தார். என்ன பெயர் சொல்லி விற்றார்கள் என்று கேட்டார். சொன்னேன். ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டார். அது ஒரே பொடி இல்லை, மஞ்சளும் நீலமும் சேர்த்த பச்சை, அந்த நீலத்துக்கும் சுண்ணாம்புக்கும் ஆகாது என்று விளக்கினார். காரணம் தெரிந்துவிட்டது, இனி என்ன என்று நான் நினைத்தேன். அவர் ஒரு பீங்கான் கிண்ணத்தையும் கரண்டியையும் என் பக்கம் தள்ளினார்.

"இது புத்தகத்துல இருக்கிறது. நம்ம சுவர்ல நடந்தது இதுதானான்னு தெரியணும்ல? நீங்களே கலந்து பாருங்க" என்றார்.

அவர் அளவு சொல்லச் சொல்ல, வெள்ளைச் சிமெண்டும் சுண்ணாம்பும் அந்தப் பச்சையும் போட்டு நான் கலந்தேன். நானே பலகையில் அடித்தேன். மாடியில் மற்றவற்றின் பக்கத்தில் வைத்து, சீக்கிரம் தெரிவதற்காக அவர் சொன்னபடி மணிக்கொரு தடவை சுண்ணாம்புத் தண்ணீர் ஊற்றினேன். மறுநாள் ஓரம் மங்கியிருந்தது. ஐந்தாம் நாள் காலையில் நான் குவளையோடு படியேறியபோது எனக்கு முன்னாலேயே டீச்சர் அங்கே குந்தியிருந்தார். ஒரு கையில் பள்ளிக்கூடச் சுவரில் சுரண்டி எடுத்த துண்டு. இன்னொரு கையில் என் பலகை. இரண்டும் ஒரே அழுக்கு மஞ்சள்.

அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் மறக்க மாட்டேன். தொலைந்த நகை கிடைத்தவரைப் போலச் சிரித்தார். கெட்டுவிட்டது, கெட்டுவிட்டது என்று சொல்லிக்கொண்டே பலகையை என்னிடம் நீட்டினார். என் குற்றத்தை அடியோடு மறந்துவிட்டார் என்றே நினைத்தேன். பிறகு வரிசையாகப் பச்சையாக நின்ற மற்ற பலகைகளைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"இருபத்திரண்டு நாள் தண்ணி ஊத்துனீகளே" என்றார்.

அவ்வளவுதான். அதற்கு மேல் அன்றைக்கும் அதன் பிறகும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

முதலாளி சொன்னார். நிறையவே சொன்னார். என்னை அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிடுவது என்றும், வெளியே மூச்சு விடுவதில்லை என்றும் முடிவு செய்தார். பழிதான் வேறு பக்கம் போய்விட்டதே, நாமாக ஏன் இழுத்துத் தலையில் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது அவர் வாதம். டீச்சர் நின்றுகொண்டே கேட்டார்.

"இவர் மறைச்சது தப்பு. ஆனா வந்து சொன்னாரு. சொன்ன ஆளை அனுப்புனீகன்னா, இனிமே இந்தக் கொட்டகையில எது கெட்டாலும் ஒருத்தரும் சொல்ல மாட்டாக. அப்புறம் எனக்கு இங்க வேலை இல்ல" என்றார். பள்ளிக்கூடத்துக்கு நாளைக்கே போவதாகவும், முதலாளி வந்தால் நல்லது, வராவிட்டாலும் தான் போவதாகவும் சொன்னார்.

முதலாளி கோபக்காரர், ஆனால் அந்த இரண்டு ஜாடிகளை முகர்ந்தவர். மறுநாள் காரை எடுத்துக்கொண்டு அவரே வந்தார்.

காதர் பாயை எந்த அறையில் நிற்க வைத்துக் கேட்டார்களோ அதே அறையில், அதே ஆட்கள் இருக்க வேண்டும் என்று டீச்சர் தலைமையாசிரியருக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். காதர் பாயையும் வரச் சொல்லி நாற்காலி போடச் சொன்னார். மேஜையில் மூன்றையும் வைத்தார். பழைய பொடி போட்ட பச்சைப் பலகை. புதுப் பொடி போட்ட பலகை. சுவரிலிருந்து எடுத்த துண்டு. எதை எதனோடு சேர்த்தால் என்ன ஆகும் என்று சமையல் சொல்வதுபோல் எளிமையாகச் சொன்னார். முகப்புக்குப் போனது எந்த நடை, பக்கத்துக்குப் போனது எந்த நடை என்றும் சொன்னார். என் பெயர் வருமென்று நான் கதவோரம் காத்திருந்தேன்.

"சோதிக்காத சாமான் எங்க மில்லுக்குள்ள போயிருக்கு. சோதிக்க வேண்டியது நான். காதர் பாய் வேலையில ஒரு குறையும் இல்ல. முகப்பு நிக்கிறதே, அதே கைதான் பக்கத்துலயும் அடிச்சது" என்று முடித்தார்.

 கமிட்டியில் மூத்தவர் ஒருவர் எழுந்துபோய்க் காதர் பாய் கையைப் பிடித்துக்கொண்டார். காதர் பாய் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அழுகிறார் என்பது தோள் குலுங்கியதில்தான் தெரிந்தது. முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லாச் சுவரையும் கம்பெனி பொறுப்பில் சுரண்டி மறுபடி அடித்துத் தருவதாகச் சொன்னார். சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே நம்ப முடியாதவர்போல எங்களைப் பார்த்தார்.

பச்சை வந்து சேர ஏழெட்டு வாரம் ஆயிற்று. அதுவரை அந்தச் சுவர்கள் அப்படியே நின்றன. வந்த பொடியை டீச்சர் சுண்ணாம்பில் ஊறவைத்துப் பார்த்து, ஒரு வாரம் கழித்துத்தான் உள்ளே விட்டார். காதர் பாய்தான் அடித்தார். அடித்த பிறகு தண்ணீர் தெளிக்கிற ஐந்து நாளும் டீச்சர் முதல் பஸ்ஸில் அங்கே போய், ஆட்களோடு சேர்ந்து தானும் வாளி தூக்கினார். தலைமையாசிரியர் வீட்டம்மா அவரைச் சித்தாள் என்று நினைத்து வாசலையும் கொஞ்சம் கூட்டிவிடச் சொல்ல, இவரும் கூட்டிவிட்டு வந்தாராம். காதர் பாய் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

நான் அந்தக் கம்பெனியில் மேலும் ஒன்பது வருஷம் இருந்தேன். பிறகு வேறு ஊர்களில், பெரிய பெரிய பெயிண்ட் கம்பெனிகளில் சாமான் வாங்கும் பிரிவில் இருந்தேன். வெளிநாட்டில் படித்த கெமிஸ்டுகளைப் பார்த்திருக்கிறேன். புகார் வந்த அரை மணி நேரத்தில் காரணம் சொல்லிவிடுவார்கள். அப்போதெல்லாம் எனக்குள் ஒரு கர்வம் எழும். நான் யாரோடு வேலை பார்த்தவன் தெரியுமா என்று வாய்வரை வரும்.

ஆனால் அவருடைய கர்வத்தை நான் ஒரே ஒரு நாள்தான் பார்த்தேன்.

கோட்டையூர் வீட்டு வேலை காதர் பாயிடமே திரும்பி வந்துவிட்டது. அந்த வீட்டுக்குப் பச்சைப் பவுடர் எடுக்க லாரியோடு வந்தார். டின்களை ஏற்ற ஆட்கள் கையை வைத்தபோது, இருங்கப்பா என்று நிறுத்தினார். தான் கொண்டுவந்த பையிலிருந்து ஒரு சுண்ணாம்புப் பொட்டலமும் இரண்டு கண்ணாடி டம்ளர்களும் எடுத்தார். ஒரு டின்னை உடைத்து, பவுடரை அள்ளிச் சுண்ணாம்போடு குழைத்து டம்ளரில் போட்டார். நடுவில் இருந்த இன்னொரு டின்னையும் அப்படியே செய்தார். ஒரு வாரம் ஆகட்டும், அதன் பிறகு ஏற்றிக்கொள்கிறேன், அதுவரை யாரும் இதைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் காலி லாரியோடு போய்விட்டார்.

முதலாளி கொதித்தார். நம் பொருளை நம் வாசலில் வைத்தே சோதிக்கிறானா, இவனுக்காக நாம் தலை குனிந்தோமே என்றார். டீச்சரோ அந்த வாரம் முழுக்க, பரீட்சை எழுதிவிட்டு வந்தவர்போல, போகும்போதும் வரும்போதும் டம்ளர்களை எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். தொடவில்லை.

ஏழாம் நாள் காலையில் காதர் பாய் வந்தார். டம்ளர்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பச்சை அப்படியே இருந்தது. ஆட்களைப் பார்த்து, ஏத்துங்க என்றார்.

டீச்சர் என் பக்கம் திரும்பினார். இத்தனை வருஷத்தில் அந்த முகத்தில் அப்படி ஒரு பெருமையை நான் கண்டதில்லை.

"பார்த்தீகளா, நம்மள அவரு நம்பல" என்றார்.